பந்திக்கு முந்திய இரண்டு மாநிலங்கள்: புளோரிடா, மிச்சிகன் 2008

2008 ஜனவரி 29 அன்று புளோரிடாவில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் உள்கட்சித் தேர்தல்) சுமார் 17.5 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டுகளை வைத்துக் கட்சி மாநாட்டுக்குப் போகக்கூடிய பேராளர்களின் எண்ணிக்கை அன்றைய நிலவரப்படி பூஜ்யம். இரண்டு வாரம் முன்பு மிச்சிகனிலும் இதே கதைதான். வரிசையில் கொஞ்சம் முன்னால் போய் நிற்க ஆசைப்பட்டது தவிர இந்த இரண்டு மாநிலங்களும் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.

அந்த ஆசை எப்படி ஆரம்பித்தது, எங்கே போய் முடிந்தது என்பதை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். வேட்பாளர்களின் பெயரைச் சொல்லாமல் கதை புரியாது, அதனால் அவர்களை மட்டும் பெயரோடு சொல்கிறேன். மற்றவர்களைப் பதவியைக் கொண்டே குறிப்பிடுகிறேன், இதில் தனி ஆட்களைவிட அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள்தான் முக்கியம்.

பின்னணி

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சியின் தேசிய மாநாடு. அந்த மாநாட்டுக்கு வரும் பேராளர்களை மாநிலம் மாநிலமாகப் பிரைமரி அல்லது காக்கஸ் (கட்சிக்காரர்கள் கூடி முடிவு செய்யும் கூட்டம்) நடத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா மாநிலமும் ஒரே நாளில் நடத்துவதில்லை. ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும்.

முதலில் நடத்துகிற மாநிலத்துக்குத்தான் மரியாதை. அயோவாவின் காக்கஸ் 1972ல் முன்னுக்கு வந்தது. 1976ல் அதிகம் பேருக்குத் தெரியாத ஜிம்மி கார்ட்டர் அங்கே மாதக்கணக்கில் சுற்றி, முடிவில் இரண்டாம் இடம்தான் பிடித்தார் (முதலிடம், எந்த வேட்பாளரையும் தேர்ந்தெடுக்காத 'யாரையும் சாராதவர்' என்ற பிரிவுக்கு!), ஆனால் பத்திரிகைகள் அவரைத்தான் வெற்றியாளராக எழுதின. அங்கிருந்து வெள்ளை மாளிகை வரை போய்விட்டார். நியூ ஹாம்ப்ஷயர் 1920லிருந்தே நாட்டின் முதல் பிரைமரியை நடத்திவருகிறது. 1970களில் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். வேறு எந்த மாநிலமும் இதே மாதிரித் தேர்தலை எப்போது வைத்தாலும், அதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் எங்களுடையது நடக்கும் என்கிறது அந்தச் சட்டம். தேதியை அறிவிக்கும் அதிகாரம் மாநிலச் செயலரின் கையில். நீ ஓடினால் நானும் ஓடுவேன் என்பதைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்த மாநிலம் அது.

மற்ற மாநிலங்களின் ஆத்திரமும் நியாயமானதுதான். மக்கள்தொகையில் சின்ன, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் இரண்டு மாநிலங்கள் பாதி வேட்பாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. மே, ஜூனில் ஓட்டுப் போடும் மாநிலத்துக்கு முறை வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும், நன்கொடை வாங்க மட்டும் வேட்பாளர்கள் வந்து போவார்கள். அதனால் ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்கள். 1988ல் தென் மாநிலங்கள் சேர்ந்து மார்ச் 8ஐப் பிடித்தன. பல காலம் ஜூனில் நடத்திய கலிபோர்னியா 2000ல் மார்ச் 7க்கும், 2008ல் பிப்ரவரி 5க்கும் வந்தது.

இனி ஒரு சட்டச் சிக்கலைச் சொல்ல வேண்டும், முழுக் கதையும் அதில்தான் தொங்குகிறது. பிரைமரி தேதியைப் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது, செலவும் அரசுடையது. ஆனால் அந்தப் பிரைமரியிலிருந்து வரும் பேராளர்களை மாநாட்டில் உட்கார வைக்கலாமா என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. 1981ல் விஸ்கான்சின் மாநிலம் தொடர்பான வழக்கில், மாநிலச் சட்டம் தேசியக் கட்சியின் விதிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேதி ஒருவர் கையில், தண்டனை இன்னொருவர் கையில். இருவரும் எதிரெதிர்க் கட்சியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் புளோரிடாவில் பார்த்தோம்.

2006 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு 2008க்கான அட்டவணையை முடிவு செய்தது. அயோவா ஜனவரி 14, நெவாடா 19, நியூ ஹாம்ப்ஷயர் 22, தென் கரோலினா 29. மேற்கும் தெற்கும் லத்தீன் அமெரிக்கர்களும் கறுப்பின மக்களும் வரவேண்டும் என்றுதான் நெவாடாவையும் தென் கரோலினாவையும் புதிதாக உள்ளே கொண்டுவந்தார்கள். மற்ற எல்லாரும் பிப்ரவரி 5க்கு முன்னால் வரக்கூடாது. மீறினால் ஓட்டின்படி பிரியும் பேராளர்களில் பாதி தானாகவே போய்விடும், வேண்டுமானால் தேசியக் குழுவின் விதிகள் குழு அதை இன்னும் கூட்டலாம். இந்தப் 'பாதி' என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 மே: புளோரிடா நகர்ந்தது

புளோரிடாச் சட்டமன்றம் அப்போது குடியரசுக் கட்சியின் கையில். 2007 மே மாதம் ஒரு தேர்தல் மசோதா நிறைவேறியது, எண் 537. (2000ல் புஷ் அந்த மாநிலத்தில் ஜெயித்த வித்தியாசமும் 537 ஓட்டுதான், தற்செயல்.) வாக்கு இயந்திரங்களுக்குக் காகிதப் பதிவு வேண்டும் என்பது அதில் இருந்த முக்கியமான விஷயம், 2000ல் பட்ட அவமானத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டது. அதே மசோதாவுக்குள்ளேயே பிரைமரி தேதி ஜனவரி 29 என்பதும் இருந்தது. தேதியைப் பிப்ரவரி 5க்குத் தள்ளலாம் என்று மேலவையில் ஜனநாயகக் கட்சித் தரப்பு ஒரு திருத்தம் கொண்டுவந்தது, தோற்றது. அப்புறம் அவர்களும் ஏறத்தாழ எல்லாரும் மசோதாவை ஆதரித்தே ஓட்டுப் போட்டார்கள். மே 21 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் முதல்வர் மாதிரி).

இந்த இடத்தில் மாநில ஜனநாயகக் கட்சி என்ன நினைத்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. காகிதப் பதிவுக்கு எதிராக யாரும் ஓட்டுப் போட முடியாது. தேதியை மாற்றியது குடியரசுக் கட்சி, பழி நம்மேல் வராது. பெரிய மாநிலம், பொதுத் தேர்தலில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஓட்டு 27, இவ்வளவு பெரிய மாநிலத்தை யாரும் மாநாட்டு வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள். கடைசிக் கணக்கு தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் அது பலிக்க 15 மாதம் ஆனது.

2007 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை: தண்டனையும் பதிலடியும்

ஆகஸ்ட் 25 அன்று விதிகள் குழு கூடியது. பாதியோடு நிற்கவில்லை, புளோரிடாவின் பேராளர்கள் மொத்தத்தையும் பறித்தது. வேறு திட்டம் கொண்டுவர 30 நாள் அவகாசம். கட்சியே தன் செலவில் பின்னால் ஒரு காக்கஸ் நடத்திக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. மாநிலக் கட்சி அதை ஏற்கவில்லை, ஜனவரி 29தான் என்று செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

குழு ஏன் இவ்வளவு கடுமையாகப் போனது? பாதித் தண்டனை என்றால் இன்னும் நான்கு மாநிலம் 'பாதி போனால் போகட்டும்' என்று முன்னால் ஓடிவரும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. முதல் ஓட்டு 2007 டிசம்பருக்கே போய்விடுமோ என்ற பேச்சு அப்போது நிஜமாகவே இருந்தது, கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் அதிபர் வேட்பாளர் சுவரொட்டி. ஆனால் ஒரு பெரிய ஊசலாட்ட மாநிலத்துக்கு முழுத் தண்டனை கொடுத்துவிட்டு, கடைசிவரை அதில் நிற்கப்போகிறோமா என்று அந்த அறையில் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் சந்தேகம்.

இதற்கிடையில் நான்கு முன்வரிசை மாநிலங்களின் கட்சித் தலைவர்களும் வேட்பாளர்களிடம் ஓர் உறுதிமொழி கேட்டார்கள், விதி மீறும் மாநிலத்தில் பிரசாரம் செய்யக்கூடாது என்று. செப்டம்பர் 1க்குள் ஹிலாரி கிளின்டன், ஒபாமா, எட்வர்ட்ஸ் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அயோவாவைப் பகைத்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்?

மூன்று நாளில் மிச்சிகன் ஆளுநர் ஜனவரி 15 தேதிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். புளோரிடாவை மிரட்டியதைப் பார்த்த பிறகும்தான். மிச்சிகனின் கோபம் பழையது, அதன் தலைவர்கள் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் தனியுரிமையை ஆண்டுக்கணக்காக எதிர்த்து வந்தவர்கள். தொழிற்சாலை மூடல் பற்றிப் பேசவேண்டிய வேட்பாளர்கள் சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் மனக்குறை. அக்டோபர் 9 அன்று ஒபாமா, எட்வர்ட்ஸ், பைடன், ரிச்சர்ட்சன் நால்வரும் மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்தே தங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். கிளின்டன் எடுக்கவில்லை. அந்தத் தேர்தல் எதற்கும் கணக்கில் வராது என்பது தெளிவு என்று அதே வாரம் நியூ ஹாம்ப்ஷயர் வானொலி ஒன்றில் அவரே சொன்னார். பின்னால் அது அவரைத் துரத்தியது.

டிசம்பர் 1 அன்று மிச்சிகனுக்கும் முழுத் தண்டனை. அதே நாள், அதே குழு, இன்னொரு காரியமும் செய்தது. அயோவா ஜனவரி 3க்கும், நியூ ஹாம்ப்ஷயர் 8க்கும், தென் கரோலினா 26க்கும் முன்னால் நகர்ந்திருந்தன. கட்சி கொடுத்த தேதியை மீறித்தான். அவற்றுக்கு விலக்கு அளித்துவிட்டது. தள்ளுமுள்ளுவில் ஓடியவர்கள் எல்லாரும் ஓடினார்கள், அடி மட்டும் இரண்டு பேருக்கு.

குடியரசுக் கட்சி இதை வேறு மாதிரிக் கையாண்டது. அவர்கள் விதியில் பாதித் தண்டனை, யார் மீறினாலும். நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, மிச்சிகன், புளோரிடா, வயோமிங் ஐந்துக்கும் பாதியை வெட்டினார்கள். புளோரிடாவின் 114 பேராளர் 57 ஆனது. வேட்பாளர்கள் வழக்கம்போல் அங்கே பிரசாரம் செய்தார்கள்.

புளோரிடாவின் ஜனநாயகக் கட்சி எம்.பி.க்கள் இருவர் தேசியக் குழுமீது வழக்குப் போட்டதும் டிசம்பரில் தள்ளுபடி ஆனது.

2008 ஜனவரி: ஓட்டு

மிச்சிகனில் கிளின்டனுக்கு 55 சதவீதம். 'யாரையும் சாராதவர்' என்ற கட்டத்துக்கு 40 சதவீதம். ஒபாமா பெயரை எழுதிப்போட்டவர்களின் சீட்டு எண்ணப்படவேயில்லை.

புளோரிடாவில் எல்லாப் பெயரும் இருந்தது, யாரும் பிரசாரம் செய்யவில்லை. கிளின்டன் 50 சதவீதம், ஒபாமா 33, எட்வர்ட்ஸ் 14. அதே சீட்டில் சொத்து வரி குறித்த ஒரு மாநிலத் திருத்தமும் இருந்ததால் கூட்டம் கூடுதலாகவே வந்தது. குடியரசுக் கட்சிப் பக்கம், முன்வரிசை மாநிலங்களை விட்டுவிட்டுப் புளோரிடாவையே நம்பிக் காத்திருந்த ஜூலியானி மூன்றாவது வந்து மறுநாளே ஒதுங்கினார். மெக்கெயினுக்கு அந்த 57ம் மொத்தமாகக் கிடைத்தது, அவர் வேட்பாளராவதற்கு அதுதான் திருப்புமுனை. அதாவது பாதித் தண்டனை வாங்கியும் குடியரசுக் கட்சிப் புளோரிடா தான் நினைத்ததைச் சாதித்துவிட்டது. இது 2012ல் வேலையைக் காட்டியது.

யாரும் எதிர்பார்க்காதது

மிச்சிகனும் புளோரிடாவும் முந்தியதற்கு ஒரே காரணம், பிப்ரவரி 5க்குப் பிறகு எதுவும் மிச்சமிருக்காது என்ற கணக்கு. அன்று ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். மறுநாள் காலையில் யாருக்கும் வெற்றி இல்லை. அதன் பிறகு ஒபாமா வரிசையாகப் பதினொன்று ஜெயித்தார், மார்ச் 4ல் கிளின்டன் ஒஹையோவைப் பிடித்தார், போட்டி நீண்டுகொண்டே போனது.

பந்திக்கு முந்து என்பார்கள். இந்தப் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இலை நிறைய விழுந்தது. ஏப்ரல் 22 பென்சில்வேனியாவில் இருவரும் வாரக்கணக்கில் தங்கினார்கள். மே 6ல் இந்தியானாவும் வட கரோலினாவும், பல பத்தாண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத மாநிலங்கள். மாநிலமே அல்லாத, அமெரிக்க ஆட்சியில் உள்ள குவாம் தீவில் ஒபாமா 7 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், அதையும் நாடே செய்தியாகப் படித்தது. ஜூன் 3 வரை நகராமல் இருந்த மொன்டானாவும் தென் டகோட்டாவும்கூட வேட்பாளர்களை நேரில் பார்த்தன. புளோரிடா தன் பழைய மார்ச் தேதியிலேயே இருந்திருந்தால் 185 பேராளரோடு ஒருவேளை முடிவையே அது எழுதியிருக்கலாம்.

மார்ச்: மறுபடி நடத்தலாமா

இப்போதுதான் நிஜமான தலைவலி. கிளின்டனுக்கு அந்த இரண்டு மாநிலமும் வேண்டும், ஒபாமா அணிக்கு விதிதான் விதி. நடுநிலையாகப் பார்த்தால் இரு தரப்பும் தங்களுக்கு வசதியானதைக் கொள்கையாகப் பேசினார்கள். மறுதேர்தல்தான் சுத்தமான வழி. புளோரிடாவில் தபால் மூலம் நடத்தலாம் என்றார்கள், செலவு ஒரு கோடி டாலருக்கு மேல், யார் கொடுப்பது, கையெழுத்தை யார் சரிபார்ப்பது என்று எதற்கும் விடையில்லை. மாநிலத்தின் சொந்தக் கட்சி எம்.பி.க்களே வேண்டாம் என்றார்கள். மார்ச் 17ல் கைவிட்டாயிற்று.

மிச்சிகனில் தனியார் பணத்தில் ஜூன் 3 அன்று நடத்தத் திட்டம். ஜனவரியில் குடியரசுக் கட்சிச் சீட்டில் ஓட்டுப் போட்டவர்கள் இதில் ஓட்டுப் போடலாமா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டது. அது சின்னக் கேள்வி இல்லை, தங்கள் வேட்பாளர் பெயரே சீட்டில் இல்லாததால் அந்தப் பக்கம் போனவர்கள் உண்டு. சட்டமன்றம் எதுவும் முடிவெடுக்காமல் விடுமுறைக்குப் போய்விட்டது.

மே 31: பஞ்சாயத்து

வாஷிங்டனில் ஒரு ஓட்டலில் விதிகள் குழு நாள் முழுக்க உட்கார்ந்தது. வெளியே ஆர்ப்பாட்டம், உள்ளே பார்வையாளர் கூச்சல். புளோரிடாவுக்கு எல்லாப் பேராளரும் வரலாம், ஆளுக்கு அரை ஓட்டு என்று முடிவானது. கிளின்டன் 105, ஒபாமா 67, எட்வர்ட்ஸ் 13, எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 27க்கு 0 என்று ஒருமனதாக நிறைவேறியது.

மிச்சிகனில்தான் கசப்பு. ஜனவரி ஓட்டை அப்படியே எடுத்தால் கிளின்டனுக்கு 73, யாரையும் சாராதவர் 55. குழு ஏற்றதோ 69க்கு 59 என்ற மாநிலக் கட்சியின் சமரசக் கணக்கு, அந்த 59ம் ஒபாமாவுக்கே. சீட்டில் பெயரே இல்லாதவருக்கு, யாருமே போடாத விகிதத்தில், ஆளுக்கு அரை ஓட்டு. 19க்கு 8 என்று நிறைவேறியது. இதை ஒரு தேர்தல் முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் ஜனவரி 15ல் நடந்ததையும் அப்படிச் சொல்ல முடியாது.

வெற்றிக்குத் தேவையான பேராளர் ஓட்டு 2,118 ஆக உயர்ந்தது. ஜூன் 3 இரவு ஒபாமா அதைத் தாண்டினார், ஜூன் 7ல் கிளின்டன் விலகினார். ஆகஸ்ட் 24 அன்று, டென்வர் மாநாட்டுக்கு முந்தைய நாள், இரண்டு மாநிலத்துக்கும் முழு ஓட்டும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதற்குள் அந்த ஓட்டால் எதுவும் மாறப்போவதில்லை.

அப்புறம்

முழுத் தண்டனை, பிறகு பாதி, பிறகு ஒன்றுமில்லை. இதைப் பார்த்த எவரும் என்ன கற்றுக்கொள்வார்கள்? 2012ல் புளோரிடா திரும்பவும் முந்தியது, ஜனவரி 31. குடியரசுக் கட்சி திரும்பவும் பாதியை வெட்டியது, 99 பேராளர் 50 ஆனது. அயோவா திரும்பவும் ஜனவரி 3. நான்கு ஆண்டு முன்பு பார்த்த அதே காட்சி.

அதன் பிறகுதான் குடியரசுக் கட்சி விழித்துக்கொண்டது. 2016க்கான விதியில் பாதி என்பதை எடுத்துவிட்டு, பெரிய மாநிலம் முந்தினால் மொத்தமே 12 பேராளர்தான் என்று எழுதியது. புளோரிடா உடனே சட்டத்தை மாற்றி மார்ச் நடுவுக்குப் போய்விட்டது, 99 பேராளரையும் வைத்துக்கொண்டது. 2007ல் அந்தத் தேதி மாறியபோது கீழவையின் சபாநாயகராக இருந்தவர் 2016ல் தானே அதிபர் வேட்பாளராக நின்று, மார்ச் 15 அன்று சொந்த மாநிலத்தில் தோற்று, அன்று இரவே விலகினார்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

விதிகள் குழு ஆரம்பத்திலேயே பாதியோடு நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்பது மாதம் கழித்து அதே பாதிக்குத்தான் வந்தார்கள், நடுவில் இரண்டு மாநிலத்தில் உருப்படியான தேர்தல் இல்லாமல் போனதுதான் மிச்சம். அல்லது, முழுத் தண்டனைதான் என்றால், மாநிலக் கட்சி ஒதுங்கினாலும் தாங்களே பணம் போட்டு ஒரு மாற்று வாக்கெடுப்பை 2007 இலையுதிர் காலத்திலேயே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். மார்ச்சில் யார் முன்னணி என்று தெரிந்த பிறகு எந்த மறுதேர்தலுக்கும் இரு தரப்பும் ஒத்துவராது.

பிரசாரத் தடை இன்னும் பெரிய தவறு. தேதி போட்டவர்கள் சட்டமன்றத்தில், தண்டனை ஓட்டுப் போடப் போனவருக்கு. விதி மீறிய மாநிலத்தில் பிரசாரம் செய்யும் வேட்பாளருக்கு அங்கிருந்து பேராளர் கிடையாது என்பது 2008க்கான கட்சி விதிகளிலேயே இருந்தது, உறுதிமொழி வாங்காமல் அதோடு விட்டிருந்தாலாவது மக்கள் வேட்பாளர்களைப் பார்த்திருப்பார்கள். 

மாநிலக் கட்சிகளின் பக்கம் பார்த்தால், புளோரிடாவின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தோற்ற திருத்தத்தோடு கைகழுவாமல் அப்போதே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்து மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருந்தால், விதிப்படியே சலுகை கேட்க இடமிருந்தது. ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றது குழுவில் எடுபடவில்லை.

மிச்சிகனுக்குக் கடைசியில் கேட்டது கிடைத்தது. 2024க்கான அட்டவணையில் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்து, மிச்சிகனுக்கு அதிகாரபூர்வமாக முன்வரிசையில் பிப்ரவரி 27ஐக் கொடுத்தது. அப்போது பதவியில் இருந்த அதிபர் பைடன்தான் போட்டியில், எதிர்த்துப் பேர்சொல்லும்படி யாரும் இருக்கவில்லை. குடியரசுக் கட்சிக்கு அந்தத் தேதி விதிமீறல் என்பதால் அவர்கள் 16 பேராளரை மட்டும் பிரைமரியில் தேர்ந்தெடுத்து, மிச்சம் 39 பேரை மார்ச் 2ல் ஒரு கட்சிக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். ஜனநாயகக் கட்சிச் சீட்டில் பைடனுக்கு அடுத்த இடம், காசா போரை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்ட 'யாரையும் சாராதவர்' கட்டத்துக்கு.